ஹல்பேரா வாங்கிய சத்தியங்கள்

ஹல்பேரா தன் மகனுக்காகச் சத்தியம் வாங்கிய கதையை அந்தக் கடற்கழியின் இரு கரைகளிலும் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் சிரித்தவர்களில் ஒருவரும் அவளை இகழ்ந்ததில்லை. பிள்ளையைக் கடலுக்கு அனுப்பாத வீடு அங்கே கிடையாது.

அவள் ஹெக்ரவீக் பண்ணையின் தலைவி. கணவன் மீன்பிடிக்கப் போன இடத்தில் மூழ்கிய பிறகு, இடுப்பில் சாவிக்கொத்தும் கையில் தக்ளியுமாக நின்று பண்ணையைக் கட்டிக் காத்தவள். மணமாகி நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து, தெய்வமான ஃப்ரிக் அன்னைக்கு நேர்ந்துகொண்டு பெற்ற ஒரே மகன் ஐவிந்த். வலி கண்டு விடியும்வரை பிள்ளை இறங்காதபோது, அன்னையின் பெயரால் வழங்கும் சதுப்புநிலப் புல்லைக் காய்ச்சிக் கொடுத்தவள் க்ரோவா. அவள் அந்த வீட்டுப் பால்கறவைக்காரி. வாய் கொஞ்சம் நீளம்.

ஐவிந்துக்கு மீசை கறுத்த காலத்தில் ஊரெங்கும் ஒரே பேச்சாக இருந்தது. மேற்கே ஐஸ்லாந்தில் ஆளில்லாத நிலம் கிடக்கிறதாம், தீ ஏந்திச் சுற்றிவந்து எல்லை சொன்னவனுக்கு அது சொந்தமாம். அவனும் போகிறேன் என்றான். பார்த்துவிட்டு அடுத்த கோடையில் திரும்பிவிடுவேன் என்றான். ஹல்பேரா மறுக்கவில்லை. ஒரு குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து அவன் கப்பலுக்குப் பாய் நெய்தாள். நூற்கும்போதெல்லாம் அவளுக்கு ஃப்ரிக்கின் நினைவுதான்.

ஃப்ரிக்கும் நூற்பவள், எல்லோருடைய விதியும் தெரிந்தும் வாய் திறவாதவள். அவள் மகன் பால்டர் தன் சாவைக் கனவில் கண்டபோது, அவள் நெருப்பிடமும் நீரிடமும், இரும்பிடமும் கல்லிடமும், மரம், விலங்கு, நோய், நஞ்சு என்று அனைத்திடமும் போய், ‘என் மகனைத் தீண்டுவதில்லை’ என்று சத்தியம் வாங்கினாள். புல்லுருவி ஒன்றை மட்டும், சின்னஞ்சிறியது, இதனிடம் என்ன சத்தியம் என்று விட்டுவிட்டாள். கடைசியில் அந்தப் புல்லுருவிக் குச்சிதான் பால்டரின் உயிரைக் குடித்தது.

அன்னை செய்த பிழையைத் தான் செய்வதில்லை என்று ஹல்பேரா உறுதி பூண்டாள். கிழக்குத் திசையிலிருந்து வந்த வணிகனிடம் சொல்லிவைத்து, ஒரு முழுப் பாலாடைக் கட்டிக்கு ஒரு காய்ந்த குச்சியைப் பெற்றாள். அந்தக் கழியில் புல்லுருவி முளைப்பதில்லை. அது புல்லுருவியா, வேலியில் ஒடித்த பிர்ச் குச்சியா என்று சொல்லக்கூடியவர் அங்கே எவருமில்லை. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு, முறைப்படி சத்தியம் வாங்கினாள். பிறகு கப்பலின் அடிமரம், ஆணி, தார், வடம், நங்கூரக்கல், மகனின் கத்தி, அவன் படுக்கும் தோல்பை என்று ஒவ்வொன்றின்மேலும் கைவைத்துக் கேட்டாள். அலையில் முழங்கால் நனைய நின்று கடலிடமும் கேட்டாள்.

“எல்லாம் சரிதான் அக்கா, அவன் தலையில இருக்கிற பேன்கிட்ட வாங்கிட்டீங்களா?” என்றாள் க்ரோவா.

கப்பல்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஹல்பேரா சிரிக்கவில்லை. “உட்காருடா,” என்று மகனை மணலில் உட்காரவைத்து, கொம்புச் சீப்பை எடுத்து வாரி, அகப்பட்ட ஒன்றை நகத்தில் ஏந்திக் கேட்டுவிட்டுத்தான் நசுக்கினாள்.

“சத்தியம் பண்ணினதையே கொன்னுட்டியேம்மா,” என்றான் ஐவிந்த்.

“மத்ததெல்லாம் பார்த்துக்கிட்டிருக்குல்ல. பயம் இருக்கட்டும்.”

அந்தச் சிரிப்போடு அவன் போனான். அவள் நெய்த பாய் கழியின் வளைவில் மறையும்வரை அவள் கரையில் நின்றாள்.

அடுத்த கோடையில் அவன் வரவில்லை. அதற்கடுத்த குளிர்காலத்தில் ஹல்பேரா மார்ச்சளி கண்டு, நினைவு தப்பிக் கிடந்தாள். பனி உருகியதும் மேற்கே புறப்பட்ட ஒரு கப்பலின் ஆட்கள், விடைபெற வந்தவர்கள், அவள் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் கண்ணில் பட்டது அவ்வளவே. அவளோ புல் அறுப்பதற்குள் எழுந்து, அறுப்புக்காரர்களைத் திட்டத் தொடங்கிவிட்டாள்.

எழுந்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. நாள்தோறும் மாலையில் தக்ளியைச் சுழற்றியபடியே கரைப்பாறை வரை நடப்பாள். குளிர்காலத்தில், கறவைக்குப் போகும் இருளில், தெற்கே வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் ஏறும். ஃப்ரிக்கின் நூற்கோல் என்பார்கள். அவன் இருக்கும் இடத்திலும் அது தெரியுமா என்று க்ரோவாவைக் கேட்பாள். சாவிக்கொத்தைச் சாம்பலிட்டுத் தேய்ப்பாள். மகன் மனைவியோடு வந்து இறங்கும் நாளில் அதை மருமகளின் இடுப்பில் மாட்டிவிட்டுத் தான் அடுப்போரம் உட்காரவேண்டும் என்பது அவள் ஆசை.

இப்படி நான்காம் ஆண்டு இலையுதிர்காலத்தில், ஃப்ரிக்கின் நாளான வெள்ளிக்கு முந்தின மாலை, அன்னைக்கு மரியாதையாக நூற்பதை நிறுத்தித் தக்ளியை எடுத்துவைக்கும் வேளையில், ஒரு கப்பல் உள்ளே வந்தது. பக்கத்துப் பண்ணை ஓனுந்தின் கப்பல். ஐவிந்தோடு ஒரே சேற்றில் புரண்டு வளர்ந்து, அவனுக்குப் பின்னாலேயே மேற்கே போனவன் அவன். ஹல்பேரா ஓட்டமும் நடையுமாகக் கரைக்குப் போனாள்.

ஓனுந்த் அவளைக் கண்டதும் இறங்கிய காலை மறுபடியும் படகுக்குள் வைத்தான்.

“என்னடா பாக்கிற? பெரியம்மாதான்.”

“கிட்ட வராதீங்க. முதல்ல கையை நீட்டுங்க.” அவன் ஒரு விரலால் அவள் மணிக்கட்டைத் தொட்டான். பிறகு முழுக் கையாலும் பிடித்தான். “சூடாத்தான் இருக்கு. பெரியம்மா, உங்க சாவு விருந்துல நான் வயிறு முட்டக் குடிச்சிருக்கேனே.”

“யார் குடுத்தது?”

“உங்க மகன்தான்.”

ஹல்பேராவுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. தான் செத்த செய்தி அவள் காதில் ஏறவேயில்லை. மணலில் உட்கார்ந்து, முகத்தை மேலாடையில் புதைத்துக்கொண்டு சிரித்தாள். “விருந்து குடுத்தானா? அப்ப உசுரோட இருக்கான். நல்லா இருந்துச்சாடா மது?”

“தண்ணியா இருந்துச்சு. அங்க பார்லி சரியா விளையல.”

வீட்டில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஓனுந்த் எல்லாம் சொன்னான். சளியில் கிடந்தவளைப் பார்த்துப் போன கப்பல் ஐஸ்லாந்தைச் சேர்ந்தபோது, பிழைக்கமாட்டாள் என்பது போய்விட்டாள் என்று ஆகியிருந்தது. ஊர் திரும்பவென்று பாயைத் தைத்து ஆயத்தமாக இருந்த ஐவிந்த், இனி யாருக்காகப் போவது என்று அதை மடித்து வைத்துவிட்டான். ஓர் ஆற்றங்கரையில் நிலம் பிடித்தான். தோர்காத்லா என்ற பெண்ணை மணந்தான்; நல்லவள், கைவேலைக்காரி. இந்த இளவேனிலில் ஒரு பெண் குழந்தை.

“வசந்தம் வரட்டும்,” என்றாள் ஹல்பேரா. “நீ போனதும் முதல் வேலையா அவன்கிட்டச் சொல்லு, உங்கம்மா கல்லுக்குண்டு மாதிரி இருக்கான்னு. பிள்ளையையும் பொண்டாட்டியையும் தூக்கிக்கிட்டு வரச்சொல்லு. இல்லேன்னா நானே உன் கப்பல்ல ஏறிடறேன், ஒரு ஓரமாக் கிடக்கேன். பிள்ளைக்கு என்ன பேரு?”

ஓனுந்த் கையிலிருந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா?”

“உங்க பேருதான் பெரியம்மா. ஹல்பேரா.”

க்ரோவா மோர் ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

அந்த மக்கள் இறந்தவரின் பெயரையே பிறந்த பிள்ளைக்கு இடுவார்கள். பெயரோடு அவருடைய நற்பேறும் பிள்ளைக்குள் புகும் என்பது நம்பிக்கை. உயிரோடிருப்பவரின் பெயரை ஒருவரும் இடமாட்டார்கள். தெரியாமல் இட்டுவிட்டால், தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். எடுத்தால், நீர் தெளித்து இட்ட பெயரை இழந்த பிள்ளை, குளிரில் போர்வை உருவப்பட்டதுபோல் ஆகிவிடும்.

“பிறந்தப்ப ரொம்ப நோஞ்சான்,” என்றான் ஓனுந்த், தரையைப் பார்த்தபடி. “பால் குடிக்கல. அழவும் தெம்பில்ல. பிழைக்காதுன்னுட்டாங்க. ஐவிந்த்தான் மடியில வெச்சுத் தண்ணி தெளிச்சு உங்க பேரைச் சொன்னான். அன்னிக்குச் சாயங்காலமே வாய் வெச்சிடுச்சு. இப்பவும் ஒல்லிதான். ஆனா பிடிச்சா விடாது. என் தாடியைப் பிச்சிடுச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. ஹல்பேரா தன் இடுப்புச் சாவிகளை ஒவ்வொன்றாக விரலால் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அந்தக் குளிர்காலம் அவளுக்கு நீண்டது. கம்பளி நூற்றாள், நூற்றதைப் பிள்ளைக்கான சிறு சட்டையாக நெய்தாள், அளவு தெரியாமல் பிரித்து, மறுபடி நெய்தாள். சில நாள் காலையில் எழுந்ததும், போகிறேன் என்று பெட்டியைத் திறந்து துணி எடுத்து வைப்பாள். மாலைக்குள் எல்லாம் பழையபடி பெட்டியின் அடிக்குப் போய்விடும்.

“சொல்லி அனுப்பிடுங்க அக்கா,” என்றாள் க்ரோவா ஒரு நாள். “பேரு போனா வேற பேரு. உங்க பையன் உங்களைப் பாக்க வேணாமா?”

“வேற பேருல அது பால் குடிக்கலேன்னா?”

“குடிக்கும்.”

“நீ சத்தியம் பண்ணுவியா?”

க்ரோவா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

“ஊரெல்லாம் சத்தியம் கேட்டேன் க்ரோவா,” என்றாள் ஹல்பேரா. “கடல்கிட்ட, கல்லுகிட்ட, பேன்கிட்ட. அந்த வணிகன் என்னை ஏமாத்தி விறகுக்குச்சியைக் கொடுத்திருந்தாலும் போகுதுன்னு அதுகிட்டயும் கேட்டேன். என்கிட்ட மட்டும் நான் கேக்கல.”

பனி உருகிற்று. ஓனுந்த் கப்பலுக்குத் தார் பூசி முடித்து, என்ன சொல்லவேண்டும் என்று கேட்க வந்தான். ஹல்பேரா அவனை, சத்தியம் செய்வோர் பிடிக்கும் வாசற்கதவின் இரும்பு வளையத்தருகே நிறுத்தினாள்.

“வளையத்தைப் பிடி. என்னை உசுரோட பாத்ததா அங்க யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு. உன் ஆளுங்களும் சொல்லக்கூடாது.”

“அவன் என் கூட்டாளி பெரியம்மா. உங்களை நினைச்சு அவன் இப்பவும்…” ஓனுந்த் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “இதை என்னால செய்ய முடியாது.”

“இரும்பு சத்தியம் பண்ணுச்சு. கடல் பண்ணுச்சு. ஒரு பேன் பண்ணுச்சுடா. நீ பண்ணமாட்டியா?”

அவன் கையில் ஒட்டியிருந்த தாரைச் சட்டையில் துடைத்தான். பிறகு வளையத்தைப் பிடித்தான். அந்தக் கழியிலிருந்து ஐவிந்தின் ஆற்றங்கரைக்கு இப்போது போகும் கப்பல் அவனுடையது ஒன்றே.

அவள் சிறு சட்டையைக் கொடுத்தாள்; க்ரோவா நெய்தது என்று சொல்லச் சொன்னாள். தன் தக்ளியின் நீலக்கல் வட்டையும் எடுத்து மேலே வைத்தாள். ஐவிந்த் பல் முளைக்கும்போது கடித்துத் திரிந்த கல் அது. ஓரத்தில் சிறு சில்லு பெயர்ந்திருக்கும்.

“அக்கா,” என்றாள் க்ரோவா மெல்ல, “செத்தவங்க தக்ளி வட்டு குழிக்குள்ள இல்ல இருக்கணும்? இதைப் பாத்தா அவன் கண்டுபிடிச்சிடுவான்.”

ஹல்பேராவுக்கு அது தெரியும். தெரிந்தேதான் வைத்தாள். வட்டு சட்டையின்மேல் சற்று நேரம் இருந்தது. பிறகு அவளே அதை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு, இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினாள். சாவி குழிக்குள் போவதில்லை. இறந்தவளிடமிருந்து மருமகளுக்குப் போவது அது.

“தோர்காத்லாகிட்டக் குடு. என் பெட்டியில இருந்துச்சுன்னு சொல்லு. பூட்டு இங்க இருக்கு, சாவி அங்க எதுக்குன்னு கேட்டா, அது அவ மாமியார் சொத்துன்னு சொல்லு.”

ஓனுந்த் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினான்.

கப்பல் போனபின், “நாளைக்குக் களஞ்சியத்த எப்படித் திறக்கிறது?” என்றாள் க்ரோவா.

“கொல்லனைக் கூப்பிட்டுப் பூட்டை உடைக்கச் சொல்லு. இன்னொண்ணு. இனிமே என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. அந்தப் பேரு ஒருத்திக்குத்தான்.”

“பின்ன எப்படிக் கூப்பிடறது?”

“அக்கான்னுதானே கூப்பிடற. மத்தவங்க வீட்டம்மான்னு கூப்பிடட்டும்.”

அவ்வாறே ஆயிற்று. அதன்பின் அவள் வாழ்ந்த ஆண்டுகளில் அந்தக் கழியில் எவரும் அவளைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை; புதிதாக வந்தவர்களுக்கு அவளுக்கு ஒரு பெயர் இருந்ததே தெரியாது. ஓனுந்த் இரண்டு கோடைகளுக்கு ஒருமுறை வந்து, பிள்ளை நடந்தாள், ஓடினாள், ஆட்டை விரட்டினாள் என்று சொல்லிப் போவான். ஐவிந்த் எப்படி என்று அவள் கேட்பாள். நன்றாக இருக்கிறான் என்பான்.

மாலையில் அவள் கரைப்பாறைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. அடுப்பில் கூழ் கொதித்து இறங்கும் நேரத்தில், மற்றவர்கள் உள்ளே போனபின், மேற்கே பார்த்து, பக்கத்து மேட்டில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில், “ஹல்பேரா,” என்று ஒருமுறை கூப்பிடுவாள். “கூழ் ஆறிப்போவுது. வா.”