துடைத்து வைத்த தோட்டம்

டிரைவருக்கு அழுக்கு ஆகாது. டவுன் பஸ் ஓட்டிய காலம் முழுக்க அவர் வண்டியில் ஏற வந்தவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டுமோ என்று ஒரு கணம் தயங்கியிருக்கிறார்கள். ஸ்டீயரிங்கைத் துடைப்பார், கண்ணாடியைத் துடைப்பார், யார் கையும் எட்டாத மேல்கூரையையும் விட்டுவைக்க மாட்டார். ஓய்வு பெற்றதும் அந்தத் துணி வீட்டின் பக்கம் திரும்பியது. மனைவி டெய்லரம்மா கழுவிக் கவிழ்த்த தம்ளரை எடுத்து அவர் மறுபடி கழுவுவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் தோட்டத்துக்கு ஓடிவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

பேச்சுக்கென்ன, யார் வேண்டுமானாலும் பேசலாம். தோட்டம் டெய்லரம்மாவின் வெகுநாள் ஆசை. வாசல் அறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆசை. வீட்டை ஒட்டிக் கிடந்த அந்தத் துண்டு நிலம் அவருடைய அண்ணனுக்குச் சொந்தம். அண்ணன் வேன் வாடகைக்கு விடுபவர். நிலமோ கடப்பாறை போட்டாலும் இறங்காத கட்டாந்தரையாக இருந்தது. டெய்லரம்மா அதில் சாணம் போட்டார், காய்கறித் தோல் போட்டார், அக்கம்பக்கத்து மரங்கள் உதிர்த்ததையெல்லாம் அள்ளி வந்து போட்டார். மருந்து அடிக்கவில்லை, மூட்டை உரம் வாங்கவில்லை. வெறும் மண் வெயிலைப் பார்க்கக்கூடாது என்பது அவர் கட்சி. கத்தரிக்கும் மிளகாய்க்கும் நடுவே கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகைப் பரப்பி வைத்திருப்பார். விவசாயம் செய்கிறவர்கள் அதை மூடாக்கு என்பார்கள். டிரைவர் குப்பை என்பார்.

இந்த நிலத்துக்குத்தான் அண்ணன் ஒரு கெடு வைத்தார். வேன்கள் பெருகிவிட்டன, நிறுத்த இடமில்லை. சிமென்ட் தளம் போட்டுவிடலாம் என்று வந்தவரைத் தங்கை வாசலிலேயே மறித்தார். அண்ணனுக்குத் தங்கை மேல் உயிர். ஆனால் வேனின் மேலும் உயிர். கிணற்றில் ஒரு வாளி முங்கத்தான் தண்ணீர் இருக்கிறது, கோடையில் இங்கே புல் கூட நிற்காது என்றார். நிற்கும் என்றார் தங்கை.

“சரி, இந்தக் கோடை முடியட்டும். செடி நின்னா நிலத்தை உன் பேருக்கே எழுதித் தந்துடறேன். காஞ்சு போச்சுன்னா சிமென்ட்தான். அப்புறம் மூக்கைச் சிந்தக் கூடாது.”

கோடை பிறந்தது. கூடவே மகள் வீட்டில் பேத்தியும் பிறந்தாள். டெய்லரம்மாவுக்கு ஒரு கண்ணில் சந்தோஷம், ஒரு கண்ணில் கத்தரிச்செடி. பெட்டியைக் கட்டிக்கொண்டே கணவனுக்குப் பாடம் நடத்தினார். சாயங்காலம் செடிக்கு ஒரு சொம்பு ஊற்றினால் போதும், வேறு எதையும் தொடக்கூடாது. எதையும் என்றால் எதை என்று டிரைவர் கேட்டார். எதையுமே என்றால் எதையுமேதான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மனுஷன் சில நாள் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு இருந்தார். சும்மா சொல்லக்கூடாது, அதுவே பெரிய சாதனை. ஆனால் தினமும் சொம்போடு போய் அந்தச் சருகு நடுவில் நிற்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது. காலைத் தூக்கினால் வண்டு ஓடுகிறது. கொஞ்சம் விலக்கினால் புழு நெளிகிறது. நாளைக்கு மச்சான் திடீரென்று வந்து நின்றால் என்ன நினைப்பார்? இவ்வளவு குப்பையில் கிடக்கும் இடத்தையா எழுதித் தருவார்? பாவம், அவளுக்கு இதெல்லாம் எங்கே தோன்றப் போகிறது, நாமாவது செய்வோம் என்று நினைத்தார். பெண்டாட்டி மேல் உள்ள பிரியத்தில் செய்த காரியம் என்பதால்தான் சும்மா விடுகிறேன், இல்லாவிட்டால் நாலு வார்த்தை நன்றாகத் திட்டியிருப்பேன்.

அடுத்த நாள் விடிந்ததும் துடைப்பத்தோடு இறங்கிவிட்டார். கூட்டினார், வாரினார், சாக்கில் கட்டினார். நகராட்சிக் குப்பை லாரி ஓட்டுபவர் பழைய சிநேகிதர். அவரைக் கூப்பிட்டு ஏற்றியும் அனுப்பிவிட்டார். பாதித் தோட்டம் முடிந்தபோது லாரி நிறைந்துவிட்டது. மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று லாரி போய்விட்டது. டிரைவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். பாதித் தோட்டம் சோறு போட்டுச் சாப்பிடலாம் போலச் சுத்தமாக இருந்தது. அன்று ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் மத்தியானம் கூட்டிய பாதியில் கத்தரி இலைகள் தொங்கிவிட்டன. ஒரு சொம்புக்கு இரண்டு சொம்பு ஊற்றினார். ஊற்றிய ஈரம் கண் முன்னாலேயே காய்ந்தது. அடுத்த நாள் இரண்டை நாலாக்கினார். கிணறு சேற்றைக் காட்டியது. மேல்மண் அப்பளம் மாதிரி வெடித்து ஓரம் தூக்கிக்கொண்டது. கூட்டாத பாதியிலோ செடிகள் ஒன்றுமே நடக்காததுபோல நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு இரண்டு மூன்று நாளாகத் தண்ணீரே விடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அருவருப்பைப் பார்க்காமல் சருகுக்குள் கையை விட்டார். உள்ளே மண் குளுகுளுவென்று இருந்தது. பிடித்தால் பிட்டு மாதிரி உதிர்ந்தது. அவர் பயந்த அந்தப் புழு, மண்ணைத் துளைத்துத் துளைத்து வழி போட்டு வைத்திருந்தது. கொஞ்ச நாள் முன்பு விட்ட தண்ணீர் இன்னும் அந்த வழிகளில் இருந்தது. இந்தப் பக்கம் திரும்பித் தன் கைவேலையைப் பார்த்தார்.

பிறகு ஒரே ஓட்டம். லாரியில் போனது போனதுதான், குப்பைமேட்டில் கொட்டி மேலே வேறு நாலு லாரி கொட்டியாகிவிட்டது. தெருவில் சருகுக்கு எங்கே போவது, இருந்ததையெல்லாம் டெய்லரம்மா ஏற்கெனவே வாரிவிட்டாரே. கடைசியில் தன்னோடு வேலை பார்த்த கண்டக்டர் ஞாபகம் வந்தது. டிப்போவைச் சுற்றி வரிசையாக மரங்கள், கீழே கேட்பாரற்ற சருகு. கண்டக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நீ கூட்டினாயா, உன்னைக் குப்பை பழிவாங்கிவிட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டு ஆனந்தப்பட்டார். ஆனாலும் நல்ல மனுஷன், ஆள் சேர்த்து மூட்டை மூட்டையாக வாரிக் கொடுத்தார். பழுது பார்க்கப் போகிற பஸ் ஒன்றில் ஏற்றி, தெரு முனை வரை கொண்டுவந்து இறக்கினார்கள். வழியில் நிறுத்தத்தில் காத்திருந்தவர்கள், சீட்டு முழுக்க மூட்டை உட்கார்ந்து போவதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டார்களாம்.

டிரைவர் முட்டி போட்டுச் செடிசெடியாகச் சருகு பரப்பினார். பஸ்ஸின் உள்ளே ஒரு துணுக்குக் காகிதத்தைக்கூடச் சகிக்காத மனுஷன், தலையெல்லாம் தூசியாக உட்கார்ந்து, இலையை அள்ளி அள்ளிப் போட்டார். சில செடி பிழைத்தது. பல செடி முன்பே காய்ந்துவிட்டது. மகள் வீட்டிலிருந்து போன் வரும்போதெல்லாம் பேத்தியைப் பற்றியே விசாரித்துப் பேச்சைத் திருப்பினார்.

கோடை முடிகிற சமயத்தில் அண்ணனே வேனில் போய்த் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் நேராகத் தோட்டத்துக்குத்தான் போனார்கள். அப்போதுதான் சருகைச் சரிசெய்துவிட்டு வந்த டிரைவர் பின்னால் போனார். பாதித் தோட்டம் காயும் பூவுமாக நின்றது. மறுபாதியில் ஒன்றிரண்டு செடி தவிர, சருகுக்கு மேலே காய்ந்த தண்டு குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூடாக்கு. அண்ணன் இடுப்பில் கை வைத்தார்.

“ரெண்டு பக்கமும் இதே குப்பைதானேம்மா போட்டிருக்கே? பாதி செத்துப்போச்சே. இதுல ஒண்ணும் இல்லன்னு நான் அப்பவே சொன்னேன்ல?”

டெய்லரம்மா குனிந்து, காய்ந்த பக்கத்துச் சருகை ஒரு கை அள்ளிப் பார்த்தார். அவர் கொண்டுவராத மரத்து இலை. நடுவே கசங்கிய பஸ் டிக்கெட் இரண்டு. இரண்டு பாதிக்கும் இடையில் அளவெடுத்த மாதிரி நேர்கோடு. அந்தக் கோட்டை யார் போட்டிருப்பார் என்று அவருக்குத் தெரியாதா? நிமிர்ந்து கணவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அண்ணனிடம், இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி அண்ணா, அவ்வளவுதான் என்றார்.

நிலம் கையை விட்டுப் போகிற நேரத்திலும் மனைவி தன்னை விட்டுக்கொடுக்கவில்லை என்பது டிரைவருக்குப் புரிந்தது. மச்சான் முன்னால் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவர் தப்பை ஒப்புக்கொண்டதில்லை. மாப்பிள்ளை கெத்து என்று ஒன்று இருக்கிறதே. அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

“வெயில் இல்ல மச்சான். அந்தப் பாதியை நான்தான் சுத்தமா கூட்டி லாரில ஏத்தினேன். இப்ப கிடக்கறது பின்னால பயந்துபோய் நான் கொண்டுவந்து போட்டது. அதே கிணறு, அதே வெயில். செத்தது நான் பார்த்த பாதி. நிக்கறது அவ பார்த்த பாதி. நிலம் கேக்கறது அவதான், நான் இல்ல.”

அண்ணன் பச்சைப் பக்கம் போய்ச் சருகுக்குள் கையை விட்டு, அங்கேயே வைத்திருந்தார். திரும்பி வந்து மாப்பிள்ளையின் தலையிலிருந்த சருகை எடுத்துப் போட்டார். வேனுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன், இனி இது உன் நிலம் என்று தங்கையிடம் சொன்னார். ஆனால் ஒரு கண்டிஷன், மாப்பிள்ளையை மட்டும் உள்ளே விடாதே என்று சிரித்தார்.

டெய்லரம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

“அவர் உள்ளேயே இருக்கட்டும்ணா. இவ்வளவு இலையை எனக்கு வேற யாரு பஸ்ஸுல ஏத்திக்கிட்டு வருவா?”