பெயர் கேட்காத மூன்று மாதம்

வெள்ளிமலைப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த அறிவியல் ஆசிரியருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். நானும் குடும்பத்தைச் சங்கராபுரத்தில் விட்டுவிட்டு மலையில் தனியாகத்தான் இருந்தேன். ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குப் போய் இயேசுவைப் பற்றிச் சொல்வேன். அவரும் மறுக்காமல் கேட்பார். மூன்றாம் மாதம் ஒருநாள் குறுக்கிட்டார்.

“சார், வர்றப்பல்லாம் நீங்களே பேசிக்கினு இருக்கீங்க. என் வூட்டுக்காரி பேரு இன்னான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

நான் பைபிளை மூடினேன். “சொல்லுங்க சார்.”

“செல்வி,” என்றார். பிறகு வெகுநேரம் அவளைப் பற்றிப் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் இன்றுவரை விசுவாசிக்கவில்லை. அன்று திரும்பி நடக்கையில்தான் எனக்கே புரிந்தது. ஆண்டவரைச் சொல்லப் போவதாக நினைத்துக்கொண்டு, என் பேச்சைக் கேட்க ஓர் ஆளைத் தேடித்தான் அத்தனை ஞாயிறும் போயிருக்கிறேன்.