லெட் என்றால் விடு

ஜீவனஹள்ளியிலும் காக்ஸ் டவுனிலும் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் கடைசியில் மமதாவிடம்தான் வந்து நிற்பார்கள். நாற்பத்து மூன்று வயது. ஒரு ஸ்கூட்டர், இரண்டு போன்கள், பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய நாலு டு-லெட் போர்டுகள். ஒன்பதாவதோடு படிப்பு நின்றுவிட்டது. தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் பேரம் பேசுவாள். ஆங்கிலம் மட்டும் தொழிலோடு சேர்ந்து சொல் சொல்லாக வந்தது.

முதலில் வந்த சொல் 'லெட்'. புரோக்கர் வேலைக்கு வந்த புதிதில் அதை 'லேட்' என்று படித்துவிட்டு, இத்தனை வீட்டுக்காரர்களுக்கு எதற்கு நேரமாகிறது என்று யோசித்திருக்கிறாள். கணவன் தினேஷ்தான் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுத் திருத்தினான். "லேட்டு இல்லடி, லெட்டு. வாடகைக்கு விடறதுன்னு அர்த்தம்." அந்த ஒரு அர்த்தத்தை வைத்தே பதினைந்து வருடம் ஓட்டிவிட்டாள்.

அனன்யாவுக்கு வைட்ஃபீல்டில் வேலை, குடியிருப்பும் அங்கேயே. அப்பா சீனிவாசராகவனையும் அம்மாவையும் தன்னோடு அழைத்துக்கொண்ட பிறகு, காக்ஸ் டவுனில் அவர்கள் இருந்த வீடு எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. மாதம் ஒரு தடவை திறந்து பெருக்கச் சொல்லிச் சாவியை மமதாவிடம் கொடுத்திருந்தாள். ஒரே ஊர்தான். ஆனால் அந்த டிராஃபிக்கில் கிளம்ப வெளியூர்ப் பயணத்துக்கு உண்டான மனசு வேண்டியிருந்தது. அவள் வரவேயில்லை.

ஜூன் மாதம் டோரதி டீச்சர் மமதாவைத் தேடி வந்தார். முப்பது வருடம் ஆங்கிலப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், தனி ஆள். குடியிருந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள். கூட ஒரு பூனை இருந்தது. பூனை என்றதும் ஏழு வீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். எட்டாவதாக அனன்யாவுக்கு மமதா குரல் செய்தி அனுப்பினாள்: "மேடம், நல்ல பார்ட்டி ஒண்ணு இருக்கு. வீட்டக் குடுத்துடட்டுமா?"

மீட்டிங்கில் இருந்த அனன்யா ஆங்கிலத்தில் ஐந்தே சொற்களில் பதில் போட்டாள்: லெட் இட் பி ஃபார் நவ்.

மமதா இரண்டு தரம் படித்தாள். லெட், தெரியும். நவ், தெரியும். இப்பவே விடச் சொல்கிறாள், வேறென்ன? சீனிவாசராகவனின் புத்தகங்களையும் பீரோவையும் பின்னறைக்கு மாற்றிப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பூனையோடு குடிவந்தார். அக்ரிமெண்ட்டில் கையெழுத்துப் போட எப்போது வருகிறீர்கள் என்று மமதா கேட்டபோதுதான் அனன்யாவுக்கு விஷயமே தெரிந்தது.

சனிக்கிழமை காலை அவள் வந்து இறங்கியபோது முகம் சிவந்திருந்தது.

"யாரைக் கேட்டு விட்டீங்க?"

"நீங்கதான மேடம் லெட்டுன்னு போட்டீங்க." மமதா போனை நீட்டினாள்.

"ஐயோ, வாடகைக்கு விடச் சொல்லலை. இப்போதைக்கு விட்டுடுங்கன்னு சொன்னேன்."

"அதத்தான் மேடம் செஞ்சேன். விட்டுட்டேன்."

தமிழில் சொல்லியிருந்தாலும் இதே கதைதான் ஆகியிருக்கும் என்று அனன்யாவுக்கு உறைத்தது.

உள்ளேயிருந்து டோரதி டீச்சர் வந்தார். போனை வாங்கிப் படித்துவிட்டு மமதாவை ஒரு பார்வை பார்த்தார். "இது தெரிஞ்சிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேம்மா," என்று அனன்யாவிடம் சொன்னார். பிறகு, டீச்சர் புத்தி போகுமா, நின்ற இடத்திலேயே விளக்கமும் சொன்னார். விடுவது, அனுமதிப்பது, வாடகைக்குக் கொடுப்பது எல்லாம் ஒரு 'லெட்'. பழைய ஆங்கிலத்தில் இன்னொன்று இருந்தது. அதற்குத் தடுப்பது என்று பொருள். காலப்போக்கில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்க ஆரம்பித்துவிட்டன. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையில் உரசினால் லெட் என்கிறார்களே, அது அந்தப் பழைய தடுப்புதான் என்பார்கள்.

"அந்தத் தடுக்கற லெட்டு 'லேட்'ங்கற சொல்லுலேர்ந்து வந்தது. ஒருத்தரை லேட் பண்ணினா, தடுக்கறதுதானே?"

"அப்ப நான் மொதல்ல படிச்சது ரொம்பத் தப்பில்ல," என்றாள் மமதா.

அனன்யா சிரித்துவிட்டாள். அதைப் பார்த்ததும் மமதாவுக்குப் பேசத் தைரியம் வந்தது. "தப்பு என்னுதுதான் மேடம். ஒரு மாசம் டைம் குடுங்க. டீச்சருக்கு வேற வீடு நானே பாத்துடறேன்."

அனன்யா வீட்டைச் சுற்றி வந்தாள். ஜன்னல்கள் திறந்திருந்தன. ஈர வாடை போயிருந்தது. சமையலறையில் குக்கர் சத்தம் போட்டது. மமதாவிடம் சாவி வாங்கிப் பின்னறையைத் திறந்து பார்த்தாள். அப்பாவின் புத்தகங்கள் அவர் வைத்திருந்த வரிசையிலேயே அடுக்கியிருந்தன. எட்டு மாதமாக இந்தச் சாமான்களை என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாமல்தான் அவள் வீட்டைப் பூட்டி வைத்திருந்தாள்.

"இந்த ரூம் மட்டும் எங்களுக்கு இருக்கட்டும் டீச்சர்," என்றாள். "நடுநடுவுல அப்பாவைக் கூட்டிண்டு வருவேன். உங்களுக்குச் சரியா?"

"அவருக்குப் பூனை ஒத்துக்குமா?"

"தெரியலை. பார்க்கலாம்."

அன்று மத்தியானமே அக்ரிமெண்ட் எழுதியாயிற்று. அதன் பிறகு ஆங்கிலத்தில் பதில் வந்தால் மமதா உடனே போன் போட்டு, "குடுக்கறதா, வேணாமா, ஒரே வார்த்தைல சொல்லுங்க," என்று கேட்கத் தொடங்கினாள். சில வீட்டுக்காரர்களுக்கு அது பேஜாராக இருந்தது. அவள் கவலைப்படவில்லை.

ஆகஸ்டில் அனன்யா தன் அபார்ட்மெண்ட்டிலேயே தெரிந்தவர் ஒருவரின் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுத்தரச் சொன்னாள். மமதா மெட்ரோ பிடித்து, போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய் இறங்கினாள். இங்கே போர்டெல்லாம் மாட்டக் கூடாது என்று கேட்டில் செக்யூரிட்டி சொல்லிவிட்டான். போர்டை அவனிடமே கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வீட்டைப் போட்டோ எடுக்க லிஃப்டில் ஏறிப் போனாள்.