நட்டமென்று தெரிந்த படிப்பு

ஜேர்மனியின் ஹம்பேர்க் நகர ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். காலில் வேலைத்தலத்துச் சப்பாத்து, கையில் வரைபடம் திறந்த போன். ரயில் வளையும்போதெல்லாம் போனையும் அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தார். வரைபடம் தயாரிப்பதுதான் என் வேலை என்று பேச்சில் தெரிந்ததும் கேட்டார்.

"தம்பி, பின்னேர வகுப்பில புவியியலும் வரைபடமும் படிச்சு ஒரு சேர்ட்டிபிக்கேட் எடுத்தா, சம்பளம் கூடுமோ?"

கட்டணம், படிப்புக்காக விடவேண்டிய வேலைநேரம், இந்த வயதில் கிடைக்கக்கூடிய வேலை எல்லாவற்றையும் யோசித்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நட்டம்தான் அக்கா. போட்ட காசு திரும்பாது."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நிச்சயமா நட்டமோ?"

"ஓம்."

அவர் முகம் மலர்ந்தது. அங்கேயே போனில் வகுப்புக்குப் பதிந்துகொண்டார். "நட்டமெண்டு தெரிஞ்சும் ஏன் அக்கா?" என்று கேட்டேன்.

"லாபமெண்டா வீட்டில எனக்குப் பதிலா மகனைச் சேர்க்கச் சொல்லுவினம், தம்பி. நட்டமெண்டா ஒருத்தரும் போட்டிக்கு வரமாட்டினம்."

அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிப்போய்விட்டார். நான் அவரைப் படிக்கச் சொன்னேனா, வேண்டாமென்று சொன்னேனா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.