கேட்டவுடன் வந்த பதில்

அந்தக் கம்பளிச் சால்வை இன்னும் என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. முகத்தருகே கொண்டுபோனால், நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் அறையின் நான்கு சர்வர்களும் தேன்கூடு போல இரைந்த சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். செஞ்சிப் பாறையெல்லாம் வெயிலில் கொதிக்கும். ஏசி ஓடும் அந்த அறைக்குள் மட்டும் எப்போதும் மார்கழி. கூட்டித் துடைக்கப் போன நான் நடுங்குவதைப் பார்த்து, என்ஜினியர் மேடம் போர்த்திவிட்ட சால்வை அது. "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று தினமும் கேட்பார். "நல்லா இருக்கேன் மேடம்" என்று சொல்லி உடனே நகர்ந்துவிடுவேன். எனக்கு அதிகம் பேச்சு வராது.

கொள்முதல் நிலையத்தில் நெல் விற்க ஜனங்கள் போனில் டோக்கன் எடுப்பது அந்த சர்வர்களில்தான். வருகிறவர்களைப் பிரித்துவிட இன்னொரு பெட்டி உண்டு. எது சும்மா இருக்கிறதோ அதற்கு அடுத்த ஆளை அனுப்பும். ஒரு நாள் காலையில் கோட்டை மலையை மேகம் மூடிக்கொண்டது. எங்கள் நெல்லும் களத்தில் கிடந்தது, நனைந்தால் முளைத்துவிடும். ஊரே டோக்கனுக்கு அழுத்தியது. யாருக்கும் கிடைக்கவில்லை.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணிப் போடும்மா!" என்று மேனேஜர் போனில் கத்தினார்.

"பண்ணா மொத்த கூட்டமும் ஒரே நேரத்துல திரும்ப வந்து விழும் சார். மூணாவது சர்வர் சும்மாதான இருக்குது, அது தாங்கும்."

கதவோரம் நின்று நானும் போனை அழுத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் தரையைப் பார்த்தபடி சொன்னேன்: "மேடம், எனக்கு அழுத்தினதுமே முடியாதுன்னு வந்துடுது. காத்திருக்கக்கூட சொல்லல."

"இன்னாக்கா சொன்னீங்க?" மேடத்தின் கை அப்படியே நின்றது.

பாரம் தாங்காமல் போனது அந்த மூன்றாவதுதான். வருகிறவர்களுக்கெல்லாம் நொடியில் கையை விரித்ததால் அது சும்மா இருப்பதுபோலத் தெரிந்திருக்கிறது. பிரிக்கும் பெட்டியும் ஊரையே அதன் தலையில் கொட்டியிருக்கிறது. மேடம் அதற்கு ஆள் அனுப்புவதை நிறுத்தினார். மற்ற மூன்றும் விழுந்துவிடாதபடி, பாதிப் பேரை 'சற்றுப் பொறுங்கள்' என்று வெளியிலேயே நிற்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார். மழைக்கு முன்னால் எங்கள் மூட்டைகள் களத்தைவிட்டுக் கிளம்பின.

"அந்த சர்வர் டக்குனு பதில் சொல்லுதேன்னு, அது நல்லா இருக்குதுன்னு நெனச்சிட்டேன்க்கா" என்றார்.

மறுநாளும் கேட்டார். "நல்லா இருக்கேன் மேடம்" என்றேன். அவர் என் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டார். "நெசமாவா?" அன்றுதான் என் முட்டிவலியை ஓர் ஆளிடம் சொன்னேன்.

இப்போது அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. சர்வர்கள் எங்கோ தூரத்தில் இருக்கின்றனவாம். மேடம் சென்னையில். நேற்று போன் செய்தார். "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றேன். கேட்டு முடிக்கவில்லை, "சூப்பரா இருக்கேன்க்கா" என்று வந்துவிட்டது.

ஆணியில் தொங்கிய சால்வையைப் பார்த்தேன்.

"நெசமாவா?"

நான் போனை வைக்காமல் காத்திருந்தேன்.