மொட்டைமாடியில் விரித்த படகுப்பாய்

பாய்மரப் படகில் பதினைந்து நாள் கடலோரமாகவே போய் வருவது என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்த செய்தி, எனக்குப் பூக்கடை அக்கா மூலமாகத்தான் வந்தது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவள், கையைத் தூக்கி நின்றபடியே சொன்னாள்.

"ஏட்டி, நீங்க ரெண்டு பேரும் கப்பல்ல போறியளாமே? டீக்கடையில உன் வீட்டுக்காரர் கையை விரிச்சு விரிச்சுச் சொல்லுதாரு. ஒரு கையில டீ இருக்கதை மறந்துட்டாரு. பக்கத்துல இருந்தவர் சட்டைதான் பாவம்."

இன்ச் டேப்பை அவள் கழுத்திலேயே விட்டுவிட்டு நான் வீட்டுக்கு ஓடினேன். சண்டை போடத்தான் ஓடுகிறேன் என்று தெரு நினைத்திருக்கும். எனக்கோ சந்தோஷத்தில் செருப்பு மாட்டக்கூடத் தோன்றவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்குச் சின்னதாக ஒரு தையல்கடை. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. மற்றதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் பேசப்பேசக் கற்றுக்கொண்டது. அளவெடுக்க நிற்கிற பெண்ணுக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை கிடையாது, அதனால் எனக்கு ஊர்ச்செய்தியும் பஞ்சமில்லை, நல்ல பேச்சும் பஞ்சமில்லை. யாராவது ஒன்றை அழகாகச் சொல்லிவிட்டால் அன்று முழுவதும் அதையே வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன்.

அன்று மென்றது என் வீட்டுக்காரர் சொன்னதை. அவர் காற்றாலை மெக்கானிக். வைகாசியில் காற்று கிளம்பினால் புரட்டாசி வரைக்கும் வீட்டுக்கு அவர் விருந்தாளிதான். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரெல்லாம் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள், இவர் மட்டும் எங்கோ ஒரு தூணின் உச்சியில் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருப்பார். அந்த வருஷம் சித்திரையில்தான் வேலையிலிருந்து நின்றார். வீட்டுக்கு ஓடிவந்து மூச்சு வாங்க நின்ற என்னிடம் சாவகாசமாகச் சொன்னார்.

"இத்தனை வருஷம் நான் காத்துக்கு வேலை பாத்தேன்லா. ஒரு பதினஞ்சு நாள் அது எனக்கு வேலை பாக்கட்டும்."

இப்படிப் பேசுகிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

படகுக்கு ஆளும் பார்த்து வைத்திருந்தார். முன்பு காற்றாலையில் கயிறு வேலைக்கு வந்திருந்த ஒருவர். வேம்பார் பக்கத்துக் கடற்கரைக்காரர். உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டே பாட்டுப் பாடுவாராம். இப்போது ஊரில் சொந்தப் படகு. இன்ஜினும் உண்டு, பாயும் உண்டு. அவர் என்னை மதினி என்று கூப்பிடுவார். வேம்பாரில் ஏறி, மூக்கையூர், வாலிநோக்கம், கீழக்கரை என்று கரையை ஒட்டியே பாம்பன் வரை போய்த் திரும்புவது என்று போனிலேயே பேசி முடித்தோம்.

எனக்கு இருந்தது ஒரே கேள்வி. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போனதும் போனை எடுத்துக் கேட்டேன். "தம்பி, கடல் நடுவுல ஒதுங்க எங்க போறது?"

"அதை அண்ணாச்சி இதுவரைக்கும் கேக்கவே இல்ல பாத்தியளா!" என்று அவர் சிரித்தார். "மதினி, நடுக்கடலுக்கு நாம எங்க போறோம்? கரை கண்ணு முன்னாலயே கூட வரும். நீங்க தலையை ஆட்டுனா போதும், ஒதுக்கிருவேன். பொழுது சாயுமுன்ன கரைக்கு வந்துருவோம். ஊருக்கு ஊரு எங்க அக்கா வீடு, சித்தி வீடு, கொழுந்தியா வீடுன்னு கிடக்கு. தீவுப் பக்கம் மட்டும் போவக் கூடாது, தடை இருக்கு. காவல்காரங்ககிட்ட, மீன்துறையில எல்லாம் நான் சொல்லிக்கிடுதேன். பாயிதான் கிழிஞ்சு கிடக்கு, அதைத் தைக்கணும்."

"பாயை அனுப்புங்க" என்றேன். யோசித்துச் சொன்னதே இல்லை. வாய் முந்திக்கொண்டது.

எனக்கு அவசரம் இருந்தது. மகள் முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஆவணியில் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு இங்கே வந்துவிட்டால், அப்புறம் எனக்கு ஏது பதினைந்து நாள்? இப்போது விட்டால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகுதான். கல்யாணத்துக்குப் பிறகு நானும் அவரும் சேர்ந்தாற்போல மூன்று நாள் வெளியூரில் தங்கியது கிடையாது. அதனால் ஆனியிலேயே கிளம்பி, ஆடித்தபசுக்கு முன்னால் திரும்பிவிடுவது என்று வீட்டுக்காரர் நாள் குறித்தார். மற்ற எல்லாவற்றையும் படகுக்காரரிடம் கேட்டவர், இதை மட்டும் கேட்கவில்லை. காற்றைப் பற்றி இவருக்கு ஒருவர் சொல்வதா?

பழைய பாய் பஸ்ஸில் மூட்டையாக வந்து சேர்ந்தது. கூடவே கருவாட்டு வாசனையும் வந்தது, அதன் பின்னாலேயே தெருப்பூனைகளும் வந்தன. பிரித்து அளவு பார்த்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். ஓரத்தை மடக்கி உள்ளே கயிறு கொடுத்துத் தைத்திருந்தது. நம் பாவாடை நாடாதான், கொஞ்சம் தடிமன். ரவிக்கைக்குப் பிடிப்பு வைக்கிற மாதிரி, நடுவில் வயிறு விழும்படி ஒட்டுகளைச் சரித்து வெட்டியிருந்தது. முன்பின் பார்க்காத ஊரில் சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. கெட்டித் துணி வாங்கி, பவர் மிஷினில் புதிதாகவே தைத்தேன். ரவிக்கை கேட்டு வந்தவர்களை எல்லாம் கடையில் துணியின் நுனியைப் பிடித்துக்கொள்ள வைத்தேன்.

"ஆடித்தபசுக்கு ஜாக்கெட் வேணும்னா, நீ என்னடி ஊருக்கே பந்தல் தைக்கே?" என்றாள் பூக்கடை அக்கா. சொன்னாலும் நுனியை விடவில்லை.

தைத்து முடித்த அன்றே வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "மாடியில ஒருக்கா விரிச்சுப் பாத்துருவோம்" என்றார். உச்சிப்பொழுது. மேற்கேயிருந்து வீசுகிற மேல்காற்று தெருவையே தள்ளிக்கொண்டு போகிற நேரம். பாயின் ஒரு முனையைத் தண்ணீர்த்தொட்டிக் குழாயில் கட்டினார். இன்னொரு முனையின் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"கையில பிடிச்சா போதாதா?" என்று கேட்டேன்.

"காத்து எனக்குப் பழக்கந்தான்" என்றார்.

நான் மடிப்பை விட்டேன். டம்மென்று ஒரு சத்தம். நான் தைத்த வயிறு அப்படியே நிறைமாதமாக உப்பி எழுந்தது. என்ன அழகு என்று வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் நகர்ந்துகொண்டிருந்தார். கால் இரண்டையும் ஊன்றி நிற்கிறார், நின்றபடியே போகிறார். காயப்போட்டிருந்த வத்தல் எல்லாம் அவருக்கு முன்னால் பறந்தது. தெருவிலிருந்து பூக்கடை அக்கா கத்தினாள்.

"ஏ மக்கா, ஓடியாங்க! இவ வீட்டுக்காரர் புறப்பட்டுட்டாரு!"

அவர் கைப்பிடிச் சுவரில் போய் முட்டிக்கொள்ள, நான் பின்னாலிருந்து அவரைக் கட்டிக்கொண்டேன். இப்போது இரண்டு பேரையும் இழுத்தது. நல்லவேளையாகத் துணி வெட்டுகிற கத்தரி இடுப்பில் செருகியிருந்தது. கயிற்றை வெட்டினேன். பாய் எகிறித் தொட்டிமேல் சுருண்டு விழுந்தது. நாங்கள் இருவரும் வத்தலுக்கு நடுவே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"கடல்லயும் காத்து இப்படித்தான் இருக்குமா?"

அவர் போனை எடுத்து, எனக்கும் கேட்கும்படி வைத்து, படகுக்காரரிடம் கிளம்புகிற நாளைச் சொன்னார்.

படகுக்காரர் அந்தப் பக்கமிருந்து அலறினார். "அண்ணாச்சி, ஆனி கடைசியிலயா? உங்க காத்தாலைக்குக் கால் தரைக்குள்ள கிடக்கு. படகுக்குக் கால் கிடையாதுல்லா! மேல்காத்து கரையில இருந்து வெளியதான் தள்ளும். நாம வேம்பார்ல ஏறி இலங்கையிலதான் இறங்கணும். மதினி, பாஸ்போர்ட் வச்சிருக்கியளா?"

"அப்பம் எப்பந்தான் வரணும்?" என்றார் இவர்.

"மாசியில வாங்க. தண்ணி தாம்பாளம் மாதிரி கிடக்கும். ஒரு விசிறிக் காத்து இருந்தா எங்களுக்குப் போதும்."

இவருக்குக் காற்று என்றால் அதிகமாக அடிக்க வேண்டும். அடித்தால் சம்பளம், போனஸ், மேலதிகாரி முகத்தில் சிரிப்பு. காற்று கூடுவதும் ஒரு தொந்தரவு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. ஆனால் என்னை அடித்தது அது இல்லை, மாசி என்ற சொல். மாசியில் மகள் கைப்பிள்ளையோடு இந்த வீட்டில்தான் இருப்பாள். முதல் பிரசவம் பெற்றவள் பொறுப்பு. ஐந்தாம் மாதம் அவளைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விடுகிற வரைக்கும் நான் நகர முடியாது.

"அடுத்த வருஷம் பாப்போம்" என்றார் வீட்டுக்காரர். எந்த அடுத்த வருஷம் என்று நான் கேட்கவில்லை. பாயை மடித்துப் பரணில் போட்டேன். அவர் அதற்குப் பிறகு டீக்கடையில் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தார்.

ஆடித்தபசுக்கு மகளும் மருமகனும், அவருடைய அம்மாவும் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்திருந்தார்கள். சம்பந்தியம்மா வந்த இடத்தில் சும்மா இருக்க மாட்டார். தலையணை தேடிப் பரணில் கையை விட்டு இழுக்க, பாய் மொத்தமும் அவர் தலையில் இறங்கியது.

"இது என்ன மைனி, கோயில் யானைக்குப் பாவாடை தைக்கியளா?" என்றார் பாய்க்கு உள்ளேயிருந்து.

விஷயத்தை நான் சிரிப்பாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பாயை மடியில் போட்டுத் தையலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"மாசியிலதான போகணும்? போயிட்டு வாங்க. நான் இங்கன வந்து இருக்கேன்."

"நல்லாருக்கே! பிரசவத்துக்கு வந்த பொண்ணை மாமியார் தலையில கட்டிட்டு, பெத்தவ கடல்ல போனான்னு ஊர் சொல்லாதா?"

"சொல்லட்டும். அவுகளுக்கும் பொழுது போகணும்லா?"

மகள் ஒரு பக்கம், "எம்மா, நீ போ. அத்தை வச்ச குழம்பு உன் குழம்பை விட நல்லாத்தான் இருக்கும்" என்றாள். அவளை முறைத்தேன். வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார், ஆனால் காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லிப்புட்டேன்" என்றார் சம்பந்தியம்மா. "அடுத்த மாசிக்கு நான் போவேன். அப்பம் பிள்ளையை நீங்க வச்சுக்கிடணும். நான் ராமேஸ்வரத்தையே பஸ்ஸுல போயிதான் பாத்திருக்கேன்."

ஐப்பசியில் பேத்தி பிறந்தாள். தை முடியும் வரைக்கும் பூக்கடை அக்கா கடைக்கு வருகிற எல்லோரிடமும் சம்பந்தி சமையலறைக்கு வரப்போகிற அதிசயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாய் பரணிலிருந்து இறங்கி, துவைத்து, பொட்டலமாகி வாசலில் காத்திருந்தது.

மாசி பிறந்து ஒருநாள் காலையில் மாடிக்குப் போனேன். காற்றாலைகள் ஒன்றும் சுற்றவில்லை, எல்லாம் கையை விரித்தபடி நின்றன. முன்பெல்லாம் அவை இப்படி நின்றால் வீட்டுக்காரர் முகம் சுண்டிவிடும். அன்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவற்றைப் பார்த்துச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். போன் மணி அடித்தது.

"மதினி, தாம்பாளம்!" என்றார் படகுக்காரர்.

நான் மேலேயிருந்து தெருவை எட்டிப் பார்த்தேன். கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய சம்பந்தியம்மா, ஒரு கையில் பையும் ஒரு கையில் மீன்சட்டியுமாக வந்துகொண்டிருந்தார். பூக்கடை அக்கா அவரை நிறுத்தி என்னவோ கேட்டாள். அவர் நிற்காமலே சத்தமாகச் சொன்னது மாடி வரைக்கும் கேட்டது.

"அவ இன்னும் கிளம்பலையா? சீக்கிரம் போயிட்டு வரச் சொல்லு. அடுத்தது என் முறை!"