டீசல் புகுந்த விரல்

ஒரகடத்தில் நானும் என் நண்பனும் ஒரே கம்பெனியில் லேத் ஓட்டுகிறோம். நான் தூத்துக்குடிக்காரன், படப்பையில் வாடகை அறை. அவனுக்கு மணிமங்கலத்தில் சொந்த வீடு. அந்த வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில், லீவு நாட்களில் ஒரு சின்ன டீசல் எஞ்சின் செய்துகொண்டிருந்தோம். சிலிண்டரும் பிஸ்டனும் சொன்னபடி கேட்டன. டீசலைப் பீய்ச்சும் பம்புதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் அழுத்தம் கசிந்துவிடும். செய்வதும் தூக்கி எறிவதுமாகவே மாதங்கள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புதுப் பம்பை வைஸ் பிடியில் இறுக்கி அவன் நெம்புகோலை அழுத்தினான். பம்பின் துளை முனையிலிருந்து டீசல் புகையாகச் சீறியது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். முனையில் தொங்கிய ஒரு சொட்டைத் துடைக்க இடது ஆள்காட்டி விரலை நீட்டினேன். அதைக் கவனிக்காமல் அவன் மறுபடியும் அழுத்திவிட்டான்.

ஊசி குத்தியது போல இருந்தது, அவ்வளவுதான். ரத்தம்கூட வரவில்லை. மதியத்துக்குள் விரல் வீங்கி, வெளுத்து, விறைத்துப்போனது. தோளுக்குள் யாரோ ஆணி அடிப்பது போல வலித்தது. படப்பை கிளினிக்கில் கம்பவுண்டர் ஒரு ஊசி போட்டு அனுப்பப் பார்த்தார். அவன் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான்.

"டீசல் உள்ள பூந்துகீதுன்னு சொல்லிக்கினே இருக்கேன். பெரிய டாக்டர கூப்புடு."

டாக்டர் வந்து பார்த்ததும் முகம் மாறி, உடனே தாம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை கீறித் திறந்தார்கள். சதையிலிருந்து டீசல் வாடை வந்தது. கழுவிக் கழுவிப் பார்த்தும் விரல் கறுத்துவிட்டது. எடுத்துவிட்டார்கள்.

ஊரிலிருந்து அண்ணன் வந்தான். அப்பா போன பிறகு லாரி ஓட்டி என்னைப் படிக்கவைத்தவன். டிஸ்சார்ஜ் ஆன அன்றே கொட்டகையைக் காட்டச் சொன்னான். பேசத்தான் போகிறான் என்று நினைத்தேன். உள்ளே நுழைந்ததும் என் நண்பனின் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். ஒரு பல் தெறித்து விழுந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. வாயில் ரத்தத்தோடு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அதில் அண்ணனுக்கு வெறி ஏறியது. சுத்தியலை எடுத்து எஞ்சினை நொறுக்கினான். சிலிண்டர் பிளந்தது. பிறகு அதே சுத்தியலோடு என் நண்பன் பக்கம் திரும்பினான்.

கீழே ஒரு இரும்புக் குழாய் கிடந்தது. வலது கையால் எடுத்து அண்ணனின் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சுத்தியல் விழுந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்தான்.

"ஏல, என்னையவால அடிச்ச?"

"இல்லன்னா நீ அவன கொன்னுருப்ப, அண்ணே."

அண்ணனின் கைக்கு மட்டை வைத்துக் கட்டியதும், ஆட்டோ பிடித்து வந்ததும் என் நண்பன்தான். மாவுக்கட்டோடு ஊருக்குப் போன அண்ணன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஸ்டீயரிங் பிடித்தால் கை வலிக்கிறதாம். அண்ணிதான் போனில் சொல்வாள்.

நாங்கள் எஞ்சினை முதலிலிருந்து செய்தோம். பம்பைச் சோதிக்கும்போது துளை முனைக்குக் கனமான கண்ணாடி மூடி போட்டோம். போன மாதம் அது ஓடியது. தகரம் அதிர, வெடிவெடியாய்ச் சத்தம். அவன் பல் போன இடைவெளி தெரியச் சிரித்தான். எனக்கு அதில் அண்ணனின் மணிக்கட்டு முறிந்த சத்தம்தான் கேட்டது; என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொட்டகைக்கு வெளியே போய், அது அணையும்வரை நின்றுகொண்டிருந்தேன்.